இந்தியாவின் மீத்தேன் கோடு ஏறுகிறது, பிரிட்டனின் கோடு தரையில் கிடக்கிறது: இந்த ஒப்பீட்டை எப்படிப் படிப்பது?

இணையத்தில் அவ்வப்போது ஒரு வரைபடம் சுற்றி வரும். 'தொழில்துறையில் எரிபொருள் எரிப்பதால் வெளியாகும் மீத்தேன், 1990 முதல்' என்பது போலத் தலைப்பு இருக்கும். இந்தியாவின் கோடு ஏறிக்கொண்டே போகும். பிரிட்டனின் கோடு கீழேயே கிடக்கும். அடியில் வழக்கமான சண்டை. 'அவன் திருந்திவிட்டான், நாம் காற்றைக் கெடுக்கிறோம்' என்பார் ஒருவர். 'இருநூறு வருடம் நிலக்கரி எரித்தவன் நமக்குப் பாடம் எடுப்பதா' என்பார் இன்னொருவர்.

அந்தக் கோடு எப்படி வரையப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை. கேட்டால் சண்டையின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் நம் காலத்தின் பெரிய பிரச்சினைகளில் ஒன்று. அதைப் பற்றிய பேச்சு தவறான எண்ணின் மேல் நின்றுவிடக் கூடாது. அதனால் அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

எந்த மீத்தேனைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழ்நாட்டில் மீத்தேன் என்றதும் காவிரி டெல்டாவில் எடுக்க நினைத்த திட்டமும் அதை எதிர்த்த போராட்டங்களும்தான் நினைவுக்கு வரும். அது பூமிக்கடியில் இருக்கும் வாயுவை எரிபொருளாக வெளியே எடுக்கும் கதை. இங்கே பேசப்போவது காற்றில் கலந்துவிடும் மீத்தேன். இப்படிக் கலப்பதை உமிழ்வு என்கிறோம்.

மனிதர்களால் உலகில் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ 40 விழுக்காடு விவசாயத்திலிருந்து வருகிறது: மாடுகளின் ஏப்பம், தண்ணீர் நிற்கும் நெல்வயல், சாணம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும், கொண்டுபோகும் வேலைகளில் சுமார் 35 விழுக்காடு. குப்பைமேடு, சாக்கடை ஆகியவற்றிலிருந்து சுமார் 20 விழுக்காடு. தொழிற்சாலைக் கொதிகலனிலும் உலையிலும் எரிபொருள் எரியும்போது வெளியாவது இந்தப் பட்டியலில் ஒரு சிறு கீற்று.

ஆகவே வரைபடத்தைப் பார்த்ததும் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: அது ஒரு நாட்டின் மொத்த மீத்தேன் அல்ல, ஓர் ஓரத்துப் பங்கு. இந்தியாவின் மீத்தேனில் பெரும்பகுதி மாடும் நெல்லும்தான். பிரிட்டனின் மொத்த மீத்தேன் 1990-க்குப் பிறகு 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததும் உண்மை. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் குப்பைமேடுகளின் வாயுவைக் குழாய் போட்டுப் பிடித்ததும் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதும். தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு அதில் பெரிய பங்கில்லை.

எரிந்தால் மீத்தேன் தீர்ந்துபோகாதா?

நியாயமான கேள்வி. மீத்தேனே எரியக்கூடிய வாயு. முழுக்க எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகிவிடும். அப்படியானால் எரிக்கும் இடத்தில் மீத்தேன் எங்கிருந்து வருகிறது?

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சுள்ளி நன்றாகக் காற்று வாங்கி எரிந்தால் புகை குறைவு. ஈர விறகைத் திணித்தால் வீடு முழுக்கப் புகை. சூடு பட்டதும் விறகு உடைந்து வாயுக்களாகப் பிரிகிறது. அவற்றில் மீத்தேனும் உண்டு. அந்த வாயுக்கள் எரிய மூன்று விஷயம் வேண்டும்: போதுமான சூடு, போதுமான காற்று, போதுமான நேரம். ஒன்று குறைந்தாலும் எரியாமலே புகையோடு வெளியே போய்விடும்.

தொழிற்சாலையிலும் நடப்பது இதேதான். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவு போல அரைத்து, ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய உலைக்குள் காற்றோடு சேர்த்து ஊதுகிறார்கள். அதில் மீத்தேன் தப்பிப்பது அரிது. செங்கல் சூளையில் அப்படியில்லை. சூளையின் மேல்தளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், இரும்பு மூடி போட்டு. தளம் கொதிக்கும் என்பதால் கட்டைச் செருப்பு போட்ட ஆட்கள் மூடியைக் கொக்கியால் தூக்கி, நீண்ட கரண்டியால் நிலக்கரியைத் துளைக்குள் போடுவார்கள். ஒரே தடவையில் நிறையப் போட்டதும் புகைபோக்கியிலிருந்து கன்னங்கரேல் என்று புகை கிளம்பும். கொஞ்ச நேரத்தில் வெளுக்கும். அடுத்த தடவை போட்டதும் மறுபடி கறுக்கும். அந்தக் கறுப்பு நேரம்தான் அரைகுறையாக எரியும் நேரம். வளைந்து வளைந்து காற்றுப் போகும் 'ஜிக்ஜாக்' சூளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் போடுவார்கள். புகை குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தியாவில் சூளைகளை இந்த முறைக்கு மாற்றச் சொல்லி 2022-இல் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டதும் இதனால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், எரிப்பதில் வரும் மீத்தேன் என்பது எரியாமல் தப்பித்த பங்கு. என்ன எரிகிறது என்பதோடு எப்படி எரிகிறது என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது.

அளப்பதில்லை, பெருக்குகிறார்கள்

பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஒவ்வொரு ஆலையின் புகைபோக்கியிலும் மீத்தேன் மீட்டர் வைத்து, அந்த எண்களைக் கூட்டி வரைபடம் போடுவதில்லை. எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்ற புள்ளிவிவரத்தை எடுத்து, ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். அந்த எண்ணுக்குப் பெயர் உமிழ்வுக் காரணி: இவ்வளவு வெப்பம் தரும் எரிபொருளை எரித்தால் இத்தனை கிலோ மீத்தேன் வரும் என்று முன்கூட்டியே வைத்திருக்கும் சராசரி.

வெப்பத்துக்கான அலகு டெராஜூல். ஒரு டெராஜூல் என்பது வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர் சுமார் 1,500 தரும் வெப்பம். நல்ல நிலக்கரியானால் சுமார் 40 டன். சாம்பல் அதிகமுள்ள இந்திய நிலக்கரியானால் 50 டன்னுக்கு மேல்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி., நாடுகள் கணக்கெழுத 2006-இல் வழிகாட்டி வெளியிட்டது. தனக்கென்று அளவீடு இல்லாத நாடு பயன்படுத்திக்கொள்ள அதில் பொதுவான காரணிகள் உண்டு. தொழில்துறையில் ஒரு டெராஜூலுக்கு எரிவாயு 1 கிலோ மீத்தேன், எண்ணெய் 3 கிலோ, நிலக்கரி 10 கிலோ, விறகும் கரும்புச் சக்கையும் போன்றவை 30 கிலோ.

அதே நிலக்கரி மின்நிலையத்தில் எரிந்தால் 1 கிலோ. வீட்டு அடுப்பில் எரிந்தால் 300 கிலோ. கரி ஒன்றுதான், எரியும் இடம் மாறியதும் கணக்கு முந்நூறு மடங்கு மாறிவிடுகிறது. சூளையில் பார்த்த கறுப்புப் புகைதான் இங்கே எண்ணாக வந்திருக்கிறது.

இந்தக் காரணிகள் கல்வெட்டு அல்ல. தொழில்துறை நிலக்கரிக்கு 10 என்று போட்டிருந்தாலும், 3 முதல் 30 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. விறகுக்கு 10 முதல் 100 வரை. கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. எரிபொருளில் எவ்வளவு கார்பன் இருக்கிறதோ அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும், அதனால் அந்தக் கணக்கு சில விழுக்காட்டுக்குள் நிற்கும். மீத்தேன் கணக்கு மூன்று மடங்கு மேலேயோ கீழேயோ போகலாம். அப்படியிருக்க, இரண்டு நாடுகளுக்கு நடுவே பத்து இருபது விழுக்காடு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவதில் பொருளில்லை.

ஆகவே கோடு ஏறினால் எரிபொருள் கூடியிருக்கலாம். எரிபொருளின் வகை மாறியிருக்கலாம். பெருக்கும் காரணியையே கணக்கெழுதுபவர் மாற்றியிருக்கலாம். வரைபடத்தை மட்டும் பார்த்து இவற்றில் எது நடந்தது என்று சொல்ல முடியாது.

சக்கைக்கு மாறினால் கோடு ஏறும்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆலை ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி எரித்துக்கொண்டிருக்கிறது. மீத்தேன் 10 கிலோ, கார்பன் டை ஆக்சைடு சுமார் 95 டன். அடுத்த வருடம் அதே வெப்பத்துக்குக் கரும்புச் சக்கை எரிக்கிறது. மீத்தேன் 30 கிலோ ஆகிவிடும். மீத்தேன் வரைபடத்தில் அந்த ஆலை மூன்று மடங்கு மோசமாகிவிட்டது.

உண்மையில் என்ன நடந்தது? மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழக்கம் உண்டு: நூறு ஆண்டுக் காலத்தில் ஒரு கிலோ மீத்தேன் பூமியை எவ்வளவு சூடாக்குமோ, அதை எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் என்று பார்ப்பது. இப்போது நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் எண் 28. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80-ஐத் தாண்டும்.

28 என்றே வைத்தால், கூடிய 20 கிலோ மீத்தேன் 560 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மறுபக்கம் நிலக்கரியின் 95 டன் போய்விட்டது. சக்கையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அடுத்த போகக் கரும்பு திரும்ப எடுத்துக்கொள்வது என்பதால், அதை எரிசக்திப் பிரிவின் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. தனியாகக் குறித்து வைப்பார்கள். 95 டன்னுக்கு எதிரே அரை டன் சொச்சம். நல்ல மாற்றம்தான். (சக்கைப் புகையில் வரும் நுண்துகள் மூச்சுக்குக் கேடு, அது வேறு கணக்கு, அதையும் பார்க்க வேண்டும்.)

இந்தியாவில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலனுக்குச் சக்கையைத்தான் போடுகின்றன. பல ஆலைகள் அதிலேயே மின்சாரம் எடுத்து மின்வாரியத்துக்கு விற்கின்றன. கரும்பு நன்றாக விளைந்து அரைவை கூடும் வருடத்தில் இந்தக் கோடும் கூடும். அதைப் பார்த்து 'தொழில்துறை கெட்டுவிட்டது' என்று எழுதினால், நல்ல மழை பெய்ததைக் குற்றமாக எழுதியது போல ஆகும்.

பிரிட்டனிலும் இதே முடிச்சு உண்டு. அங்கே தொழில்துறை நிலக்கரியை விட்டு வடகடல் எரிவாயுவுக்கு மாறியது. காரணி 10-லிருந்து 1 ஆனது. அது கோட்டைக் கீழே இழுக்கும். 2011 முதல், புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கு அரசு ஊக்கத்தொகை தரத் தொடங்கியதும் விறகுச் சில்லுக் கொதிகலன்கள் பெருகின. அவற்றின் காரணி 30. அது மேலே இழுக்கும். இரண்டு எதிரெதிர் மாற்றங்கள் ஒரே கோட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன.

இரும்பைப் பார்த்தால் புரியும்

எரிபொருள் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று அறிய உற்பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எஃகு நல்ல உதாரணம். 1990-இல் பிரிட்டன் சுமார் 1.8 கோடி டன் எஃகு செய்தது. இந்தியா 1.5 கோடி டன். அன்றைக்கு பிரிட்டன்தான் முன்னால் இருந்தது. 2023-இல் இந்தியா சுமார் 14 கோடி டன். பிரிட்டன் 56 லட்சம் டன். இடையில் பிரிட்டனின் ரெட்கார் ஆலை 2015-இல் மூடப்பட்டது. வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட் எஃகு ஆலையின் கடைசி ஊதுலை (தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலை) 2024 செப்டம்பரில் அணைந்தது.

தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் படமே வேறு. 1990-இல் பிரிட்டனில் ஆளுக்கு 310 கிலோ அளவு எஃகு உற்பத்தி, இந்தியாவில் 17 கிலோ. 2023-இல் இந்தியாவில் ஆளுக்குச் சுமார் 98 கிலோ, பிரிட்டனில் 82. வரைபடத்தில் தனித்தனியாக மேலும் கீழுமாகப் போகும் கோடுகளுக்குப் பின்னால், இரண்டு நாடுகளும் தலைக்கணக்கில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பிரிட்டன்காரர் எஃகு பயன்படுத்துவதை நிறுத்திவிடவில்லை. வெளியில் செய்ததை வாங்குகிறார். புகை, செய்த நாட்டின் கணக்கில் எழுதப்படுகிறது.

அதனால், இந்த வகை வரைபடம் கண்ணில் பட்டதும் நான் முதலில் தேடுவது தலைக்கணக்கையும் உற்பத்திக் கணக்கையும்தான். அவை இல்லாமல் 143 கோடிப் பேரையும் 6.8 கோடிப் பேரையும் ஒரே அச்சில் வரைவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

கோட்டில் எத்தனை புள்ளி நாடே சொன்னது?

பிரிட்டன் போன்ற வளர்ந்த நாடுகள் 1990-இலிருந்து ஆண்டு தவறாமல் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஐ.நா. ஒப்பந்த விதி. புதிய தகவல் கிடைத்தால் பழைய ஆண்டுகளையும் சேர்த்துத் திருத்துவார்கள். அதனால் 1990-இன் எண்ணே இன்றைய அறிக்கையில் ஒன்றாகவும், பத்து வருடம் முந்தைய அறிக்கையில் வேறாகவும் இருக்கும். இரண்டையும் கலந்து ஒரு கோடு வரைந்தால், நடக்காத மாற்றம் நடந்தது போலத் தெரியும்.

வளரும் நாடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தியா 2024 முடிய ஐ.நா.வுக்கு அனுப்பிய அறிக்கைகள் 1994, 2000, 2010, 2014, 2016, 2019, 2020 ஆகிய ஆண்டுகளுக்கானவை. ஏழு புள்ளிகள். ஆனால் நீங்கள் பார்க்கும் வரைபடத்தில் இந்தியாவின் கோடு ஆண்டுக்கு ஆண்டு இடைவெளியே இல்லாமல் ஓடுகிறதே? அது பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'எட்கார்' போன்ற தரவுத்தளங்களிலிருந்து வருவது. அவர்கள் பன்னாட்டு எரிசக்திப் புள்ளிவிவரத்தை எடுத்து, காரணிகளால் பெருக்கி, 1970-இலிருந்து எல்லா நாடுகளுக்கும் ஒரே முறையில் போட்டுத் தருகிறார்கள். பயனுள்ள வேலை, ஒப்பிடுவதற்கு அதுதான் வசதியும்கூட. பிரிட்டனுக்கு அரசின் கணக்கையும் இந்தியாவுக்கு எட்கார் கணக்கையும் எடுத்து ஒட்டினால் மட்டும் ஒப்பீடு கெட்டுப்போகும்.

அப்புறம், எது தொழில்துறையில் சேரும் என்ற வரம்பும் உண்டு. அலுமினிய ஆலை சொந்த மின்நிலையம் வைத்துக் கரி எரித்தால் அது தொழில்துறைக் கணக்கு. அதே ஆலை வெளியிலிருந்து மின்சாரம் வாங்கினால் மின்துறைக் கணக்கு. ஊதுலையில் இரும்புத் தாதுவை உருக்கப் போடும் கோக் கரி (நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுப்பது) இந்தப் பிரிவிலேயே வராது. 'தொழில் செயல்முறை' என்று வேறு பிரிவுக்குப் போய்விடும்.

'இருநூறு வருடம் எரித்தார்கள்' என்ற வாதம்

பிரிட்டன் 1913-இல் 28 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டியது. அந்தக் கரி எரிந்து வந்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு இன்னும் காற்றில் இருக்கிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தவரை வரலாற்றுப் பொறுப்பைப் பற்றிய வாதம் உறுதியானது. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

மீத்தேனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. காற்றில் மீத்தேனின் ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். 1913-இன் மீத்தேன் காற்றிலிருந்து என்றைக்கோ போய்விட்டது. இன்று காற்றில் இருப்பது கடந்த சில பத்தாண்டுகளில் வெளியானது. இதில் நல்ல சேதியும் இருக்கிறது: மீத்தேனை இன்று குறைத்தால் பலன் நம் ஆயுளுக்குள்ளேயே தெரியும். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் உலக மீத்தேனை 2020 அளவிலிருந்து 30 விழுக்காடு குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி எடுத்ததற்கு இதுவே காரணம். பிரிட்டன் அதில் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. மாடும் நெல்லும் சிறு விவசாயியின் பிழைப்பு என்பது இந்தியாவின் நிலை.

எரிவதற்கு முன்பே போனது

சரி, தொழிற்சாலை எரிபொருளோடு தொடர்புள்ள பெரிய மீத்தேன் எங்கே இருக்கிறது? எரியும் இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால். சுரங்கத்திலும் குழாயிலும் தப்பிப் போவதைக் கசிவு உமிழ்வு என்று தனிப் பிரிவில் எழுதுகிறார்கள். நாம் பார்க்கும் வரைபடத்தில் அது இருக்காது.

ஐ.பி.சி.சி.யின் பொதுக் காரணிப்படி, ஆழச் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரி வெட்டினால் சராசரியாக 18 கனமீட்டர், அதாவது சுமார் 12 கிலோ மீத்தேன் வெளியேறும். ஒரு டெராஜூலுக்கு 40 டன் என்றால் 480 கிலோ. அதே கரியைத் தொழிற்சாலையில் எரித்தபோது வந்தது 10 கிலோ. திறந்தவெளிச் சுரங்கத்தில் டன்னுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆனாலும் 55 டன் இந்தியக் கரிக்குக் கணக்குப் போட்டால் 44 கிலோ வந்துவிடுகிறது. எரிவாயுவிலும் இதுதான் கதை. ஒரு டெராஜூலுக்கு 21 டன் வாயு வேண்டும். அதைக் கொண்டுவரும் வழியில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே 210 கிலோ. எரித்ததில் வந்தது 1 கிலோ.

இந்தியாவில் வெட்டும் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து வருகிறது. பிரிட்டனின் கடைசி ஆழச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் பிரிட்டன் ரஷ்யாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் கரி வாங்கி எரித்தது. அந்தச் சுரங்க மீத்தேன் ரஷ்யா, கொலம்பியா கணக்கில் ஏறியது. இந்தியாவின் எஃகு ஆலைகளும் கோக் செய்யும் கரியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றன, அதிலும் அதிகம் ஆஸ்திரேலியாவிலிருந்து. அங்கே குவீன்ஸ்லாந்தின் ஆழச் சுரங்கங்களில் வெளியேறும் மீத்தேன் ஆஸ்திரேலியாவின் கணக்கில் இருக்கிறது. நாம் சண்டை போடும் வரைபடத்தில் அதற்குக் கோடே கிடையாது.